கடைசிப் பத்தியை விட்டுவிடுங்கள்: சிறார் கதை எழுதுவோருக்கும் பதிப்பிப்போருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள எழுத்தாளர்களே, பதிப்பாளர்களே,

வணக்கம். சனிக்கிழமைதோறும் எங்கள் ஊர் நூலகத்தில் மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுகிறேன். போன வாரம் தெனாலிராமன். ஆயிரம் முகங்களோடு காளி எதிரே வந்து நிற்கிறாள், அவனோ விழுந்து விழுந்து சிரிக்கிறான். எனக்கு இருப்பது ஒரே மூக்கு, சளி பிடித்தால் அதைத் துடைக்கவே இரண்டு கை போதவில்லை, ஆயிரம் மூக்கை நீ எப்படித் தாயே துடைப்பாய் என்கிறான். எட்டு வயதுப் பையன் ஒருவன் தரையில் புரண்டுவிட்டான். "அப்போ எத்தனை கர்ச்சீஃப் வேணும் மிஸ்?" என்றாள் பக்கத்தில் இருந்தவள். அப்புறம் கதை நகரவே இல்லை. மூக்குக்கு ஒன்றா, இரண்டா என்று சண்டை.

அதே நாளில் புதிய புத்தகம் ஒன்றும் வாசித்தேன். பறக்கும் பானை, அதில் ஏறிப் போகும் அண்ணன் தங்கை. நன்றாகத்தான் பறந்தது. பானை மலை உச்சியில் மாட்டிக்கொண்ட இடத்தில் ஒரு தாத்தா வந்தார். பெரியவர்கள் சொல் கேட்காவிட்டால் இப்படித்தான் என்றார். கதை முடிந்தது. பானை எப்படி இறங்கியது என்று பிள்ளைகள் கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை.

இதற்காகத்தான் எழுதுகிறேன். கடைசிப் பத்தியில் அறிவுரை சொல்லாமல், மாயக்கதையை மாயக்கதையாகவே முடியுங்கள்.

மாயத்துக்கு ஒரு விதி இருந்தால் போதும், பிள்ளைகள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள். விக்கிரமாதித்தன் கதையையே பாருங்கள். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். வாயைத் திறந்தால் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். எப்படிப் போனாலும் மாட்டுகிறான் ராஜா. ஏழு வயதுக் குழந்தைக்கும் இது ஒரே தடவையில் புரிகிறது, பயமும் சிரிப்பும் சேர்ந்தே வருகின்றன. நம் புதிய கதைகளில் மந்திரக்கோல் எதையும் செய்யும், எப்போதும் செய்யும். ஆபத்தே இல்லாத இடத்தில் என்ன சாகசம்?

பேச்சும் அப்படித்தான். பூதத்தைக் கண்ட சிறுவன் "ஐயகோ, என்னைக் காப்பாற்றுங்கள்" என்று அலற வேண்டாமே. "அம்மா!" என்று ஓடட்டும்.

தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறை வாசிப்பு இயக்கத்தில் புத்தகங்களைப் பிள்ளைகளின் வாசிப்புத் திறனுக்கேற்ப நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்தது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. ஆனால் கடையில் தேடும்போது 'ஓடு'கிற பிள்ளைக்குக் கொடுக்க எனக்குப் புத்தகம் கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது. பக்கத்துக்கு இரண்டு வரி உள்ள படப் புத்தகத்தைத் தாண்டிவிட்டாள். பொடி எழுத்தில் இருநூறு பக்கம் என்றால் மிரள்கிறாள். பெரிய எழுத்தில் அறுபது எழுபது பக்கம், குட்டிக் குட்டி அத்தியாயம், ஒவ்வொன்றின் முடிவிலும் யாராவது எங்காவது தொங்கிக்கொண்டிருக்க வேண்டும், கூடவே சிரிக்க வைக்கும் கறுப்பு வெள்ளைப் படங்கள். வண்ணம் இல்லையே என்று ஒரு பிள்ளையும் என்னிடம் குறைப்பட்டதில்லை.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் கையெழுத்துப் படியோடு ஒரு சனிக்கிழமை எந்த ஊர் நூலகத்துக்காவது போங்கள். நீங்களே வாசியுங்கள். எந்த வரியில் சிரிக்கிறார்கள், எந்த வரியில் பக்கத்துப் பிள்ளையின் பின்னலை இழுக்கிறார்கள் என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பானையையும் தயவுசெய்து மலையிலிருந்து இறக்கிவிடுங்கள். வரும் சனிக்கிழமையும் கேட்பார்கள்.

அன்புடன்,
கதை வாசிக்கும் ஒரு தன்னார்வலர்