ரேடியோவில் பேசப்போகும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். உன் கல்லூரி வானொலியில் உன்னோடு பேச வருகிறவர், கறுப்பினப் பிள்ளைகளையும் வெள்ளையினப் பிள்ளைகளையும் ஒரே பள்ளியில் சேர்க்கும் முயற்சியே வேண்டாம் என்கிறவர் என்றாய். "அந்த ஆளுக்கு எதுக்கும்மா மைக்?" என்று போனில் கொதித்தாய். உன் கோபம் நியாயம்தான். ஆனாலும் நீ போய்ப் பேச வேண்டும் என்றே நினைக்கிறேன். ஏன் என்று ஒருவர் கதையால் சொல்கிறேன்.

பிலடெல்பியாவிலிருந்து கொஞ்ச தூரத்தில் வெஸ்ட் செஸ்டர் இருக்கிறதே, அங்கேதான் 1912-ல், அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய பேயார்ட் ரஸ்டின் பிறந்தார். அவரை வளர்த்த பாட்டி ஜூலியா, குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவின் முறையில் வளர்ந்தவர். குவேக்கர்களின் பழைய வழிபாட்டில் பிரசங்கம் செய்யப் போதகர் கிடையாது. எல்லோரும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். உள்ளிருந்து யாருக்குப் பேசத் தோன்றுகிறதோ அவர் எழுந்து பேசுவார், மற்றவர்கள் காது கொடுப்பார்கள். ரஸ்டின் வாதாடும் விதத்தில் எனக்கு அந்தப் பழக்கம் தெரிகிறது. சாதுவான மனிதர் என்று நினைத்துவிடாதே. 1947-ல், பஸ்ஸில் இரு இனத்தாரையும் பிரித்து உட்காரவைக்கும் வழக்கத்தை எதிர்த்து, அவரும் சேர்ந்து கறுப்பரும் வெள்ளையருமாக 16 பேர் ஒன்றாக உட்கார்ந்து பயணம் செய்தார்கள். அதற்குத் தண்டனையாக வட கரோலினாவில் 22 நாள் கைதிகளோடு சாலை வேலை செய்தவர் அவர்.

1960 நவம்பரில் நியூயார்க்கின் டபிள்யூ.பி.ஏ.ஐ. வானொலியில் அவரும், கறுப்பர்கள் தனியே பிரிய வேண்டும் என்று அப்போது சொல்லிவந்த கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸும் எதிரெதிரே பேசினார்கள். அது பசிபிகா அமைப்பின் நிலையம். அந்த அமைப்பைத் தொடங்கிய லூயிஸ் ஹில், போருக்குப் போக மறுத்தவர். விளம்பரம் இல்லாமல், கேட்கிறவர்கள் கட்டும் சந்தாவில் ஓடியதால்தான் இப்படி இருவரை உட்காரவைத்து நிதானமாகப் பேசவிட முடிந்தது.

வெள்ளையரோடு சேர்ந்து வாழ்வது நடக்காது, பிரிந்து போவதுதான் வழி என்றார் மால்கம். அவர் சொன்ன கொடுமைகள் எல்லாம் உண்மை. ரஸ்டின் அவற்றை உடம்பிலேயே பட்டவர். ஆனால் கறுப்பர்கள் யாரிடமும் எதையும் கேட்டு நிற்கவில்லை, முழுக் குடிமக்களாக வாழவே விரும்புகிறார்கள் என்று ஆரம்பித்தார். அப்புறம் ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டார்: போவதென்றால் எங்கே? போக ஓர் இடம் இருந்தால்தானே. அதுவரை மக்கள் இங்கேயே இருக்கத்தானே பார்ப்பார்கள்? இதில் திட்டும் இல்லை, ஏளனமும் இல்லை. அந்த உரையாடல் எழுத்து வடிவில் கிடைக்கிறது, அவசியம் படி. அடுத்த வருடம் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் இருவரும் மறுபடி வாதாடினார்கள். 1963 ஆகஸ்ட் 28-ல் வாஷிங்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேல் கூட்டம் கூடிய பேரணியை ஒழுங்கு செய்தவரும் இதே ரஸ்டின்தான்.

உன் விருந்தாளியை முழுசாகப் பேசி முடிக்க விடு. பிறகு கேள்: சேர்க்க வேண்டாம் என்கிறீர்கள், சரி, வசதியில்லாத பள்ளியில் இப்போது உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் நாளைக் காலை எங்கே போவார்கள்? பதில் வரும்வரை விடாதே.

நிகழ்ச்சி இந்திய நேரப்படி எத்தனை மணிக்கு என்று எழுது. அப்பாவும் கேட்க வேண்டும் என்கிறார்.

அன்புடன்,
அம்மா