கஞ்சாக்குடிக்கி: கொச்சையா, தமிழா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னைத் தமிழ் குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை, 'கஞ்சாக்குடிக்கி' என்ற வசைச்சொல்லை வட சென்னையில் முளைத்த கொச்சை என்று போகிற போக்கில் சொல்லிச் செல்கிறது. வசை என்பது சரி; கொச்சை என்பதை ஏற்பதற்கில்லை.

'கஞ்சா' வடமொழி வழி வந்த பெயர். 1845 முதல் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியர்களோடு கப்பலேறி, ஜமைக்காவிலும் அது அதே பெயரில் வழங்குகிறது. 'குடிக்கி'யோ முழுக்கத் தமிழ். சுருட்டுக் குடிப்பது, பீடி குடிப்பது என்றுதான் எங்கள் பகுதிப் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். 'அடிப்பது' இளைஞர்களின் பேச்சு. மரங்கொத்தி, விறகுவெட்டி, பொறுக்கி ஆகியவற்றில் வினை செய்வோரைக் குறிக்க வரும் இகர விகுதியே இங்கும் நிற்கிறது. 'குடி' ஏற்கெனவே இகரத்தில் முடிவதால், 'குடிக்க' என்பதிலிருந்து 'குடிக்கி' பிறந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. முடிச்சை அவிழ்க்கிறவன் 'முடிச்சவிழ்க்கி' ஆகி, பேச்சில் 'முடிச்சவிக்கி' என்று தேய்ந்ததும் இவ்வழியில்தான்.

புழக்கத்தில் இதன் பொருள் நன்றாகவே விரிந்துவிட்டது. காசிமேட்டில் இரவெல்லாம் மீன் பெட்டி தூக்கிவிட்டு, கண் சிவக்க டீக்கடை பெஞ்சில் தூங்கி வழியும் பையனிடம், "இன்னாடா, கஞ்சாக்குடிக்கி மாதிரி குந்திகினு கீற?" என்று மாஸ்டர் கேட்பார்; அவனும் சிரித்தபடி கிளாஸை வாங்கிக்கொள்வான். அதையே காக்கிச் சட்டைக்காரர் கேட்டால் சிரிக்க முடியாது.

தங்கள் செய்திகளில் வரும் 'கஞ்சா ஆசாமி' என்ற தொடரைப் பற்றியும் சொல்ல வேண்டும். விற்றவரும் குடித்தவரும் அதற்குள் ஒன்றாக அடைக்கப்படுகிறார்கள். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டமோ, கஞ்சா வைத்திருப்பதையும் விற்பதையும் 20ஆம் பிரிவிலும், போதைப்பொருள் உட்கொள்வதை 27ஆம் பிரிவிலும் தனித்தனியே வைத்திருக்கிறது; பழக்கத்திற்கு அடிமையாகித் தாமாகச் சிகிச்சைக்கு முன்வருவோருக்கு 64ஏ பிரிவில் விலக்குக்கும் வழி செய்திருக்கிறது. புழக்கத்தில் விரிந்தாலும், 'குடிக்கி' என்பது சொல்லளவில் குடிப்பவரை மட்டுமே குறிக்கும் என்பதால், தெருவில் வழங்கும் சொல் தங்கள் தொடரைவிடத் துல்லியமானது. வசைச்சொல்லை அச்சிடுங்கள் என்று கேட்கவில்லை. விற்றவரை வியாபாரி என்றும், குடித்தவரைக் குடித்தவர் என்றும் பிரித்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
இராயபுரம், சென்னை – 13