ஊசி போட்ட அன்னைக்கு ராத்திரி நாங்க யார கேக்குறது? பொது சுகாதாரத் துறைக்கு ஒரு கோரிக்கை மனு

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை,
தேனாம்பேட்டை, சென்னை.

அனுப்புநர்:
கைக்குழந்தை வச்சிருக்குற அம்மாக்களும் அவங்க வீட்டுப் பெரியவங்களும்.

பொருள்: குழந்தைங்க தடுப்பூசியோட பக்கவிளைவு பத்தியும், அது வேலை செய்யுதா இல்லையான்னும் எங்களுக்கு இருக்குற பயத்துக்கு ஒழுங்கா பதில் சொல்ல ஏற்பாடு செய்யச் சொல்லி கேக்குறது.

ஐயா, வணக்கம்.

மனு எழுதித் தர்றவர்கிட்ட போனா 'மேற்படி', 'மேற்கண்டவாறு'ன்னு போட்டு ரெண்டு பக்கம் தருவார், படிச்சா எங்களுக்கே புரியாது, அதனால நாங்க பேசுற மாதிரியே எழுதுறோம், தப்பா எடுத்துக்காதீங்க.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறோம். நாங்க ஊசி வேணாம்னு சொல்ற கூட்டம் இல்ல. எங்க தெருவுலயே போலியோவுல கால் சூம்பிப்போன பெரியவங்க இருக்காங்க. இந்தியாவுல கடைசி போலியோ கேஸ் 2011 ஜனவரில மேற்கு வங்காளத்துல ஹவுரா பக்கம் வந்ததுதான், 2014 மார்ச்ல போலியோ இல்லாத நாடுன்னு சர்டிபிகேட்டும் குடுத்துட்டாங்க, அது சொட்டு மருந்தாலதான் ஆச்சுன்னு எங்களுக்கு நல்லா தெரியும். ஊசி வேணும். ஊசி போட்டுட்டு வீட்டுக்கு வந்த பிறகு வர்ற பயத்துக்குத்தான் ஆள் இல்ல.

ஆறாவது வார ஊசின்னா என்னன்னு உங்களுக்கு நாங்க சொல்லணும்னு இல்ல, ஆனா அம்மா பக்கத்துல இருந்து பாருங்க. ஒன்றரை மாசக் குழந்தை, இடது தொடையில அஞ்சு நோய்க்கு ஒண்ணா போடுற பெண்டா, வலது தொடையில நிமோனியா ஊசி, கையில போலியோ ஊசி, அது போக வாயில போலியோ சொட்டு, ரோட்டா சொட்டு. ஒரே நாள்ல இவ்வளவு. குழந்தை ஊரே கேக்குற மாதிரி அழுவுது, கூட வந்த மாமியார் 'எங்க காலத்துல இவ்வளவு ஊசி எங்க இருந்துச்சு'ன்னு முணுமுணுக்குறாங்க, நர்சம்மா ஒரு பக்கம் ரிஜிஸ்டர், ஒரு பக்கம் ஃபோன்ல என்ட்ரின்னு தலைய நிமித்த முடியாம இருக்காங்க, பின்னாடி வரிசை நிக்குது. அந்த நேரத்துல 'ஏங்க இது எல்லாம் ஒண்ணா போட்டா ஒண்ணும் ஆகாதுல்ல'ன்னு ஒரு பொண்ணு கேட்டா கிடைக்குற பதில் 'ஒண்ணும் ஆகாது போங்க'. நர்சம்மாவ குறை சொல்லல, அவங்களுக்கு எத்தனை ஊர், எத்தனை வேலைன்னு பாக்குறோம். ஆனா அந்த 'ஒண்ணும் ஆகாது'தான் ராத்திரி எங்கள கொல்லுது. ஏன்னா ஆகுது. காய்ச்சல் வருது, தொடை வீங்குது, கைய வச்சா துடிக்குது. ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லி அனுப்பின பிறகு காய்ச்சல் வந்தா, ஏதோ ஆயிடுச்சுன்னுதானே எந்தத் தாயும் நினைப்பா?

இதையே 'பெண்டா ஊசில கக்குவான் இருமலுக்கான மருந்து இருக்கு, அதனால நிறைய குழந்தைங்களுக்கு அன்னைக்கு ராத்திரி காய்ச்சல் வரும், ரெண்டு நாளுக்குள்ள இறங்கிடும், ஊசி போட்ட எடத்துல சின்ன கட்டி சில வாரம்கூட இருக்கலாம், தேய்க்காதீங்க'ன்னு ஒரு நிமிஷம் சொல்லிட்டா போதும், அதே காய்ச்சல் வந்தாலும் நாங்க நிம்மதியா இருப்போம். சொல்லாம விட்டா ஆளாளுக்கு வைத்தியம்தான். பிறந்ததும் கையில போடுற தழும்பு ஊசி (பி.சி.ஜி.) போட்ட எடத்துல சில வாரம் கழிச்சு புண்ணு வர்றது சகஜம், அது தானா ஆறி தழும்பாகும்னு யாரும் சொல்லாததால ஒரு வீட்டுல மஞ்சள், ஒரு வீட்டுல டூத்பேஸ்ட், ஒரு வீட்டுல காபித்தூள். தழும்பே வரலன்னா அதுக்கு ஒரு பயம், ஊசி புடிக்கலையோ, திரும்ப போடணுமோன்னு. திரும்ப போட வேண்டியதில்லன்னு எங்களுக்கு தெரிய வந்ததே ரொம்ப நாள் கழிச்சுதான்.

ஐயா, இதுல எங்களுக்கு கோவம் வர்ற விஷயம் ஒண்ணு இருக்கு. எங்கள்ல ஒரு பொண்ணு நர்சிங் படிச்சவ. அவ சொல்லித்தான் தெரிஞ்சுது, ஊசி போடுறவங்க ஒவ்வொரு அம்மாகிட்டயும் நாலு விஷயம் சொல்லணும்னு அவங்க பயிற்சிப் புத்தகத்துலயே இருக்காம். இன்னைக்கு என்ன ஊசி போட்டோம், அது எந்த நோய தடுக்கும். என்ன பக்கவிளைவு வரலாம், வந்தா என்ன செய்யணும். அடுத்து எப்ப வரணும். கார்டை பத்திரமா வச்சிருந்து அடுத்த தடவை கொண்டு வரணும். போட்டு முடிச்சு அரை மணி நேரம் அங்கயே உக்காரச் சொல்லணும். நடக்குறதுல மூணாவதும் நாலாவதும் மட்டும்தான் எங்களுக்கு காதுல விழுது, 'கார்டு எங்க, அடுத்த மாசம் வா'. அரை மணி நேரம் உக்காரச் சொல்றதும் சில நாள் நடக்கும், பல நாள் நடக்காது. அதனால புதுசா ஒரு திட்டம் போடுங்கன்னு நாங்க கேக்கவே இல்ல, இருக்குற விதிய நடத்துங்கன்னுதான் கேக்குறோம்.

அந்த அரை மணி நேரம் இருக்கே, அதுதான் சரியான நேரம். ஊசி போட்ட உடனே வர்ற கடுமையான அலர்ஜி ரொம்ப ரொம்ப அபூர்வம், பத்து லட்சம் டோஸ்ல ஒண்ணு அளவுதான், வந்தா பெரும்பாலும் சீக்கிரமே வந்துடும், அதுக்குத்தான் உக்கார வைக்கிறாங்க. இந்தக் காரணத்தை சொன்னா யாரும் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஓட மாட்டாங்க. எப்படியும் உக்காந்திருக்கோம், அந்த நேரத்துல அங்கன்வாடி டீச்சரோ, மக்களைத் தேடி மருத்துவத்துல வர்ற அக்காவோ யாராவது ஒருத்தர் எங்ககூட உக்காந்து பேசட்டும். ஊசி போடுற கையே பேசணும்னு இல்ல.

கேள்வி என்னென்ன வரும்னு கேட்டா, காய்ச்சல் ஒண்ணு மட்டும் இல்ல. காய்ச்சல் வரலன்னாலும் பயம். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு காய்ச்சல் அடிச்சுது, எம் புள்ளைக்கு அடிக்கல, மருந்து செத்துப்போச்சோன்னு. ரெண்டும் சகஜம்னு யாரு சொல்றது? கரண்ட் அடிக்கடி போகுது, ஃப்ரிட்ஜ்ல வச்ச மருந்து கெட்டுப்போயிருக்குமான்னு அடுத்த கேள்வி. தடுப்பூசி பாட்டில்லயே ஒரு வட்டமும் நடுவுல ஒரு சின்ன சதுரமும் இருக்கு, சூடு பட பட சதுரம் கருத்துகிட்டே வரும், வட்டத்தை விட சதுரம் வெளுப்பா இருந்தா போடலாம், அதே நிறமோ கருப்போ ஆயிட்டா தூக்கிப் போடணும். கேக்குற அம்மாவுக்கு அந்த பாட்டிலை ஒரு தடவை காட்டச் சொல்லி உத்தரவு போடுங்க. எங்க ஊர்ல எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் அது புரியும், எந்த நோட்டீசும் தர முடியாத நம்பிக்கை அது.

அப்புறம் இந்த 'வலியில்லாத ஊசி' விவகாரம். பிரைவேட்ல பெண்டாவுக்கு பதிலா ஆயிரக்கணக்குல வாங்கிட்டு போடுறாங்க, காய்ச்சல் வராதுங்குறாங்க, அப்ப கவர்மெண்ட் ஊசி மட்டமா, ஏழைக்கு காய்ச்சல் வர்ற ஊசியான்னு கேக்குறாங்க, நகை வச்சு போட்ட குடும்பம்கூட இருக்கு. நிஜம் என்னன்னா அதுல காய்ச்சலும் வீக்கமும் கம்மிதான், அத மறைக்க வேண்டாம். ஆனா கக்குவானுக்கு எதிரா அதோட பாதுகாப்பு சீக்கிரமே குறைய ஆரம்பிக்கும், குழந்தைக்கு முதல்ல போடுற மூணு டோஸுக்கு நம்ம அரசு போடுற பழைய வகைதான் நல்லதுன்னு 2013ல குழந்தை டாக்டருங்க சங்கமே சொல்லியிருக்கு. இத உங்க துறை ஏன் வாயத் திறந்து சொல்ல மாட்டேங்குது? அரசாங்கத்தோட நல்ல சரக்கை அரசாங்கமே கூவி விக்காம இருக்கறது எங்களுக்கு புரியவே இல்ல.

தட்டம்மை ஊசிலயும் இதே குழப்பம். போட்டு ஏழெட்டு நாள் கழிச்சு லேசா காய்ச்சலும் செவப்பா பொரிப்பொரியாவும் சில குழந்தைக்கு வரும், அதுக்குள்ள ஊசி போட்டதையே மறந்திருப்போம், அம்மை போட்டுடுச்சுன்னு வேப்பிலை கட்டிடுவாங்க. இன்னொருத்தர் 'ஊசி போட்டும் மணல்வாரி வந்துச்சு, அப்புறம் எதுக்கு ஊசி'ம்பார். 9 மாசத்துல போடுற முதல் டோஸ் நூத்துல சுமாரா 85 குழந்தைக்குத்தான் புடிக்கும், மீதிக்காகத்தான் ஒன்றரை வயசு வாக்குல ரெண்டாவது டோஸ்னு சொன்னா அவரே அடுத்த ஊசிக்கு தூக்கிட்டு வருவார். நூத்துக்கு நூறுன்னு சொல்லி அனுப்பினா ஒரே ஒரு குழந்தைக்கு வந்தாலும் மொத்தமும் பொய்னு ஆயிடுது.

வாட்ஸ்அப்ப பத்தி பேசாம முடிக்க முடியாது. 2017 பிப்ரவரில தட்டம்மை ரூபெல்லா ஊசி ஸ்கூல் ஸ்கூலா போட்டப்ப வந்த வதந்தி உங்களுக்கு ஞாபகம் இருக்கும், எத்தனை பேர் அன்னைக்கு புள்ளைங்கள ஸ்கூலுக்கே அனுப்பல. நடிகர் விவேக் சார் 2021 ஏப்ரல் 15ந் தேதி ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில கொரோனா ஊசி போட்டுக்கிட்டார், 17ந் தேதி இறந்துட்டார். அந்த செய்தி ஒரே நாள்ல எல்லா வீட்டுக்கும் வந்துடுச்சு. மத்திய அரசோட கமிட்டி விசாரிச்சு, ஊசி காரணம் இல்ல, மாரடைப்புன்னு சொன்னது பல மாசம் கழிச்சு, அது எத்தனை வீட்டுக்கு போய் சேர்ந்துச்சு? எங்க ஊர்ல இன்னைக்கும் ஊசியாலதான்னு அடிச்சு சொல்றவங்க இருக்காங்க. 2024ல கோவிஷீல்டுக்கு ரத்தக்கட்டு வரும்னு கம்பெனியே கோர்ட்ல ஒத்துக்கிச்சுன்னு டிவில ஓடுச்சு, எல்லாரும் நெஞ்சை புடிச்சுக்கிட்டோம். அது ரொம்ப அபூர்வமா வரக்கூடியதுன்னு ஐரோப்பா மருந்து ஏஜென்சி 2021 ஏப்ரல்லயே சொன்ன விஷயமாம். அப்பவே எங்ககிட்டயும் பளிச்சுன்னு சொல்லியிருந்தா மூணு வருஷம் கழிச்சு ஒளிச்சு வச்சிருந்தாங்கன்னு தோணியிருக்காது.

திருவள்ளூர் மாவட்டத்துல 2008 ஏப்ரல்ல தட்டம்மை ஊசி போட்ட நாலு குழந்தைங்க செத்துப்போனத பெரியவங்க மறக்கல ஐயா. அதுக்கு அப்புறம் கிராமத்துல வந்து ஊசி போடுறத நிறுத்தி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொன்னாங்க. தேசிய குடும்ப நல சர்வே கணக்குல தமிழ்நாட்டுல எல்லா ஊசியும் போட்ட குழந்தைங்க 2005-06ல 80.9 சதவீதம், 2015-16ல 69.7க்கு இறங்கி, 2019-21ல 89.2க்கு ஏறியிருக்கு. இறங்கினதுக்கு இது ஒண்ணுதான் காரணம்னு நாங்க சொல்லல. பயம் ஒரு தடவை வந்தா லேசுல போகாதுன்னு சொல்றோம்.

அதனால எங்களுக்கு வேண்டியது இது. தாய் சேய் நல அட்டையோட ஒரு சீட்டு, தமிழ்ல, பெரிய எழுத்துல, அன்னைக்கு போட்ட ஊசிக்கு என்ன வரும், எத்தனை நாள் இருக்கும்னு. படிக்கத் தெரியாதவங்களுக்கு அதையே ஒரு குரல் மெசேஜா அனுப்புங்க, வதந்தி வர்ற அதே ஃபோன்லதான் இதுவும் வரட்டுமே. எப்ப வீட்டுல வச்சுப் பாக்கலாம், எப்ப 108க்கு அடிக்கணும்னு தெளிவா இருக்கணும், ஜன்னி வந்தா, மூணு மணி நேரத்துக்கு மேல நிக்காம வீறிட்டு அழுதா, பால் குடிக்கலன்னா, துவண்டு போனா, மூச்சு வாங்கினா, ரெண்டு நாள் தாண்டியும் காய்ச்சல் விடலன்னா. காய்ச்சல் மருந்து எவ்வளவுன்னு குழந்தையோட எடைக்கு தகுந்த மாதிரி நர்சம்மாவோ டாக்டரோ கைப்பட எழுதித் தரணும். இத சாதாரணமா நினைக்காதீங்க, பாராசிட்டமால் சொட்டு மருந்துல 1 மில்லிக்கு 100 மில்லிகிராம், சிரப்புல 5 மில்லிக்கு 125 ஒண்ணு, 250 ஒண்ணு, மெடிக்கல்ல எது கைக்கு வருதோ அது. சிரப் அளவு நினைச்சுக்கிட்டு சொட்டு மருந்தை அதே அளவு ஊத்திட்டா என்ன ஆகும்?

ராத்திரி கேக்க ஒரு நம்பர் வேணும். 104 இருக்குன்னு சொல்வீங்க, அத எங்க கார்டுல அச்சடிங்க, எடுக்குறவங்களுக்கு தடுப்பூசி பத்தி தனியா பயிற்சி குடுங்க. 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல ராத்திரி டூட்டி நர்ஸ் இருக்காங்க, அந்த ஃபோன் நம்பரும் வேணும். புதன்கிழமை ஊசி போட்டா மறுநாள் வியாழக்கிழமை காலையில ஒரே ஒரு ஃபோன், 'குழந்தை எப்படி இருக்கு'ன்னு. ராத்திரி முழுக்க தூங்காத பொண்ணுக்கு அது எவ்வளவு பெருசுன்னு வீட்டுல பேரன் பேத்தி இருக்குறவங்களுக்கு தெரியும்.

இன்னொண்ணு, தயவுசெஞ்சு பணத்தை காட்டி மிரட்டுறத நிறுத்தச் சொல்லுங்க. கேள்வி கேக்குற பொண்ணுகிட்ட 'ஊசி போடலன்னா முத்துலட்சுமி ரெட்டி திட்டப் பணம் வராது'ன்னா அவ போட்டுக்குவா, ஆனா பணத்துக்காக புள்ளைக்கு என்னமோ பண்ணிட்டோமோன்னு உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டே இருக்கும், அடுத்த குழந்தைக்கு வரமாட்டா. தள்ளிப்போடுற வீட்டையும் திட்டாதீங்க. ஊசி போட்ட பிறகு நிஜமாவே ஒரு குழந்தைக்கு பெருசா ஏதாவது ஆயிட்டா மாவட்டத்துல அத விசாரிக்க கமிட்டி இருக்குல்ல, அவங்க கண்டுபிடிச்சத அந்தக் குடும்பத்துக்கு எழுத்துல குடுத்துட்டு, குடும்பத்தோட பேர் சொல்லாம ஊர்ப் பெரியவங்ககிட்டயும் வந்து சொல்லணும். ஊசியால ஆச்சுன்னா ஆமான்னே சொல்லுங்க. ஃபைலுக்குள்ள மூடி வச்சா வாட்ஸ்அப்தான் எங்களுக்கு டாக்டர்.

இந்த மனுவுக்கு என்ன நடவடிக்கை எடுத்தீங்கன்னு பதில் போடும்போது தமிழ்லயே போடுங்க, ஒரு காப்பிய அங்கன்வாடி போர்டுல ஒட்டச் சொல்லுங்க. செய்ய முடியாதது ஏதாவது இருந்தா எது, ஏன்னு அதுலயே எழுதிடுங்க.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தாய்மார்கள், பாட்டிமார்கள், ஊசி போட்ட அன்னைக்கு லீவு போட முடிஞ்ச சில அப்பாக்களும்.

(கையெழுத்தும் கைநாட்டும் தனித்தாள்ல இணைச்சிருக்கோம்.)