அரிக்கமேட்டு மணிகள் குறித்துப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

மழை விட்டதும் பிள்ளைகள் சிலர், பழைய துறைமுக ஊர் இருந்த அரிக்கமேட்டுத் தோப்புக்குள் போய்விடுகிறார்கள். ஏழாம் வகுப்பில் நான்கைந்து பேரின் ஜியோமெட்ரி பெட்டிகளில் கண்ணாடி மணிகளைப் பார்த்தேன். யாரையும் கண்டிக்கவில்லை, அந்த வயதில் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? ஆனால் மண்ணைக் கிளறி எடுக்கும் பழக்கம் நிற்க வேண்டும்.

1945இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது, இத்தாலியின் அரெஸ்ஸோ வகையைச் சேர்ந்த சிவப்புக் கலங்களின் ஓடுகள் கிடைத்தன. அவற்றின் காலம் ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரிந்திருந்தது. எனவே அவற்றுடன் ஒரே மண்ணடுக்கில் கிடந்த நம் பானை ஓடுகளின் காலமும் தெரிய வந்தது. தென்னிந்தியாவின் வேறு பல பழைய ஊர்களின் வயதைக் கணிக்கவும் அது கைகொடுத்தது. எந்த அடுக்கில், எதனுடன் கிடந்தது என்பது தெரியாவிட்டால் மணி வெறும் அலங்காரப் பொருள்தான்.

அரிக்கமேட்டை ரோமானியர் உண்டாக்கிய ஊர் என்று இன்னமும் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1989 முதல் 1992 வரை தொல்லியலாளர் விமலா பெக்லி குழுவினர் நடத்திய அகழாய்வு, ரோமானிய வணிகத்துக்கு முன்பே அங்கு மக்கள் வாழ்ந்ததைக் காட்டியது. மணி செய்த கைகளும், பானை ஓட்டில் பழந்தமிழ் எழுத்தான தமிழ் பிராமியில் பெயர் பொறித்த கைகளும் இந்த மண்ணைச் சேர்ந்தவை. மது ஜாடிகளும் அந்தச் சிவப்புக் கலங்களும்தான் மேற்கிலிருந்து வந்தவை. இடைக்காலத்துச் சீனப் பீங்கான் துண்டுகளும் அங்கே கிடைத்திருக்கின்றன. புதுச்சேரியைச் சுற்றியுள்ள முத்திரப்பாளையத்திலும் சுத்துக்கேணியிலும் இறந்தவர்களைப் புதைத்த பெருங்கற்கால ஈமச்சின்னங்களைப் பிரெஞ்சுத் தொல்லியலாளர் கசால் அகழ்ந்திருக்கிறார்.

வீட்டில் மணியோ நாணயமோ ஓடோ இருந்தால், கிடைத்த இடத்தை ஒரு தாளில் எழுதி, அதனுடன் பொருளையும் பள்ளியில் கொடுங்கள். கேள்வி கேட்க மாட்டோம். தொல்லியல் துறையினரிடம் சேர்த்துவிடுவோம். விலைக்குக் கேட்டு வருபவர்களிடம் தயவுசெய்து விற்க வேண்டாம். அரிக்கமேடு பாதுகாக்கப்பட்ட இடம் என்பதால் தோண்டுவது சட்டப்படியும் குற்றம்.

பிள்ளைகளின் ஆர்வத்தை அடக்குவது என் எண்ணமல்ல. வரும் சனிக்கிழமை ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களைப் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்கும், பிறகு அரிக்கமேட்டுக்கும் அழைத்துச் செல்கிறோம். காலை எட்டரை மணிக்குப் பள்ளி வாசலில் பஸ் நிற்கும். மதிய உணவு, தண்ணீர், தொப்பி கொடுத்தனுப்புங்கள். ஒப்புதல் சீட்டை வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்க்கவும். ஆற்றங்கரையில் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ள, உடன் வரக்கூடிய பெற்றோர் இருவர் தேவை.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்