ஓலையும் கரம்பை மண்ணும், அப்புறம் அந்த அழுகை நாட்களும்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மாடிப்படி பக்கம் விடாதே, சொன்னால் கேட்க மாட்டார்கள்தான், இருந்தாலும் சொல்லிவை. இங்கே எல்லோரும் சுகம். உடன்குடியில் ஆனிக் காற்று ஆரம்பித்துவிட்டது, வாசலைப் பெருக்கி முடிக்கும் முன்னே தேரிச் செம்மணல் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கிறது, கொடியில் காயப்போட்ட துணியைப் பக்கத்துத் தெருவில் போய் எடுத்து வருகிறோம். பதநீர் வரத்து குறையத் தொடங்கிவிட்டதால் அவருக்கும் கடையில் வேலை கொஞ்சம் மட்டு.

பையனை இந்த ஜூனில் பள்ளியில் சேர்க்கவில்லை, வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுக்கப் பார்க்கிறேன், கைவேலையை வைத்து எப்படிப் பாடம் நடத்துகிறாய், பிள்ளைகள் படுத்தும் நாளில் என்ன செய்கிறாய் என்று கேட்டிருக்கிறாய். விலாவாரியாக எழுதச் சொன்னதால் எழுதுகிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்.

முதலில் ஒன்று. பாடத்தை முடித்துவிட்டு அதற்கு அலங்காரமாகக் கைவேலை என்று வைக்காதே. வண்ணத்தாளில் பூ வெட்டி ஒட்டுவது, பஞ்சில் ஆட்டுக்குட்டி செய்வது எல்லாம் பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் அதில் முக்கால்வாசி வேலை அம்மாவின் கைதான் செய்யும், பிள்ளை பசை தடவிவிட்டு எழுந்து போய்விடும். என் வீட்டில் நான் பார்த்த வரையில், செய்து முடித்த பொருள் அன்றைக்கே பிள்ளைக்கு உதவ வேண்டும். அதை வைத்து விளையாடலாம், அதில் நாவற்பழம் போட்டுத் தின்னலாம், காற்றில் பிடித்துக்கொண்டு ஓடலாம். அப்படி இருந்தால் நீ கூப்பிட வேண்டியதே இல்லை, அதுவே வந்து உட்காரும்.

எங்களுக்கு ஓலை கிடைக்கிறது, அதனால் ஓலையில் இருந்து தொடங்கினோம். இங்கிருந்து கொஞ்ச தூரம்தான் மணப்பாடு, பனையோலைப் பொருளுக்குப் பேர்போன ஊர். எதிர்வீட்டு ஆச்சி சின்ன வயதிலிருந்தே பெட்டி முடைந்தவர்கள். பெரியவளை மடியோரம் உட்காரவைத்து, குருத்தோலையை நிழலில் உலர்த்தி, ஈர்க்கை உரித்து, ஒரே அகலத்துக்குக் கீறிக் கொடுத்தார்கள். ஒன்றின் மேல், ஒன்றின் கீழ், ஒன்றின் மேல், ஒன்றின் கீழ். முதல் வரிசை வந்துவிட்டது. இரண்டாவது வரிசையையும் அவள் மேலிருந்தே தொடங்கினாள், மூன்றாவதையும் அப்படியே. தூக்கிப் பார்த்தால் எல்லாம் கழன்று விழுந்தது. ஆச்சி வாயே திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் ஓலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இவன் மேல போனா அவன் கீழ போகணும், இல்லன்னா யாரு பிடிச்சுக்குவா?" என்றாள். ஒற்றைப்படை, இரட்டைப்படை என்பதை அவள் அன்றைக்குக் கையால் பிடித்துவிட்டாள், அந்தப் பெயர்களை நான் பிறகுதான் சொன்னேன். கொட்டான், அந்தச் சின்ன ஓலைப்பெட்டி, கோணலாகத்தான் வந்தது. அதில்தான் இன்றுவரை அவளுடைய சோழிகள் இருக்கின்றன.

சின்னவனுக்கு முடையும் பொறுமை கிடையாது, நான்கு வயது. அவனுக்குக் காற்றாடி. இரண்டு ஓலைத் துண்டைக் குறுக்கே மடித்துப் பூட்டி, நடுவில் உடைமரத்து முள்ளைக் குத்தி, குச்சியில் செருகினால் போதும். முள்ளை நான் குத்துகிறேன், மற்றதெல்லாம் அவன். ஓடினால் சுற்றுகிறது, நின்றால் நிற்கிறது, காற்றுக்கு முதுகைக் காட்டினால் என்ன ஆகிறது, இரண்டு ஓலையும் ஒரே பக்கம் வளையாவிட்டால் ஏன் சுற்றவில்லை என்று ஒரு நாள் முழுக்க அவனுக்கு வேலை. இந்தக் காற்றுக் காலத்தில் வேறு பாடமே வேண்டாம்.

மண் வேலையை விடாதே. உன் ஊரில் களிமண் எளிதாகக் கிடைக்கும். இங்கே வீட்டைச் சுற்றிச் செம்மணல், அதில் விளக்கு செய்யலாம் என்று இரண்டு பேரும் குழைத்துப் பார்த்தார்கள், ஈரம் இருக்கும்வரை நின்றது, காய்ந்ததும் உதிர்ந்துவிட்டது. அவர்கள் அப்பா குளத்திலிருந்து கரம்பை, அந்த வண்டல் களிமண், கொண்டுவந்து கொடுத்தார். அது நன்றாகப் பிடித்தது, ஆனால் வெயிலில் வைத்ததும் விளிம்பெல்லாம் வெடிப்பு. அப்புறம் பெரியவளே யோசித்து, ஒன்றை வெயிலில், ஒன்றை நிழலில், இன்னொன்றில் கொஞ்சம் மணல் கலந்து என்று மூன்று அகல் செய்து திண்ணையில் வரிசையாக வைத்தாள். மணல் கலந்தது வெடிக்கவில்லை. குயவர்கள் அதற்காகத்தான் மணல் சேர்க்கிறார்கள், களிமண் காயும்போது சுருங்கும், மணல் சுருங்காது என்று நான் சொன்னபோது, தெரிந்த விஷயத்தைக் கேட்பதுபோலத் தலையாட்டினாள். எனக்கு அந்தத் தலையாட்டலில் அவ்வளவு சந்தோஷம்.

கணக்குக்குக் கோலமும் பல்லாங்குழியும் போதும், இந்த வயதுக்கு நான் வேறு எதையும் தேடவில்லை. 5 புள்ளியில் தொடங்கி 3 வரை இடைப்புள்ளி வைத்தால் மொத்தம் 19. முதலில் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். பிறகு நடு வரிசையை விட்டுவிட்டு மேலே இருப்பதை மட்டும் எண்ணி இரட்டிப்பாக்கினால் போதும் என்று அவளே கண்டுபிடித்துவிட்டு, 7-இலிருந்து 4 வரை போகும் கோலத்துக்கு 37 என்று மாவைத் தொடும் முன்னே சொன்னாள். பல்லாங்குழியில் குழிக்கு நான்கு சேர்ந்தால் பசு. ஒரு குழியில் மூன்று கிடந்தால் அடுத்த சுற்றில் அது யாருக்குப் பசுவாகும் என்று அவள் முன்கூட்டியே பார்க்கிறாளே, அதைவிட நல்ல மனக்கணக்கு எது? புளியங்கொட்டையோ சோழியோ வைத்துக்கொள், ஆனால் சின்னதுகள் வாயில் போடும் வயதில் பக்கத்திலேயே இரு. மஞ்சாடி கிடைத்தாலும் சரி. குன்றிமணியை மட்டும் வீட்டுக்குள் விடாதே. சிவப்பில் கறுப்புக் கண் வைத்து அழகாக இருக்கும், ஆனால் அந்த விதை கொடிய விஷம்.

அரவிந்த் குப்தா ஞாபகம் இருக்கிறதா? கான்பூர் ஐஐடியில் படித்துவிட்டுக் குப்பையிலிருந்து பொம்மை செய்யக் கிளம்பியவர், 2018-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்து அவர் செய்யும் வடிவங்களை உன் பையனோடு செய்து பார். சதுரம் செய்து இலேசாகத் தள்ளினால் சாய்ந்துவிடும், முக்கோணம் அசையாது. பெரியவள் அதைப் பார்த்துவிட்டு எங்கள் ஓட்டுக் கூரையின் மரச்சட்டத்தில் முக்கோணம் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தாள். மருந்து எரிந்துபோன குச்சியைக் கொடு, புதுக்குச்சி வேண்டாம்.

எழுத்துக்கு, நாம் பயிற்சியில் படித்தோமே, உப்புத்தாளில் வெட்டிய எழுத்து, அதைச் செய்தேன். அந்த எழுத்து முறையைக் கொண்டுவந்த இத்தாலியக் கல்வியாளர் மாண்டிசோரி அம்மையார் 1939-இல் அடையாறுக்கு வந்து, போர் மூண்டதால் திரும்ப முடியாமல் இந்தியாவிலேயே இருந்து, கொடைக்கானலில் சிறுபிள்ளைகளோடு உட்கார்ந்து வேலை பார்த்தவர் என்று அந்த வகுப்பில் கேட்டபோது ஏதோ வரலாறு என்று எழுதிக்கொண்டோம். இப்போது சின்னவன் கண்ணை மூடிக்கொண்டு சொரசொரப்பைத் தடவி "ட" என்கிறான். வளைவு குறைந்த எழுத்துகளை முதலில் கொடு: ட, ப, ம. 'இ'யையும் 'ஞ'வையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தட்டில் அரிசியைப் பரப்பி விரலால் எழுதச் சொன்னாலும் போதும், திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் எழுதினார்களே, அதே வேலைதான்.

இனி நீ பயப்படும் நாட்களுக்கு வருகிறேன்.

அவை வரும். எவ்வளவு அழகாகத் திட்டம் போட்டாலும் வரும். எழுந்ததிலிருந்தே சின்னவன் சிணுங்குவான், அக்கா செய்த கொட்டானை மிதிப்பான், அவள் கத்துவாள், இருவரும் ஒரே நேரத்தில் என் முந்தானையைப் பிடித்து இழுப்பார்கள், அடுப்பில் பால் பொங்கும், கரெண்ட் போயிருக்கும். அந்த நாளில் நான் முதலில் பார்ப்பது வயிற்றை. பசியா, தூக்கம் போதவில்லையா, சளி பிடிக்கப் போகிறதா. காலை பதினோரு மணி அழுகைக்கு ஒரு வாழைப்பழமோ ஒரு டம்ளர் மோரோ செய்வதை என் எந்தப் பேச்சும் செய்ததில்லை. அதுவும் இல்லை என்றால் அன்றைக்குப் பாடம் கிடையாது. இதில் நான் உறுதியாக இருக்கிறேன். அழுதுகொண்டே எழுதவைத்த எழுத்து பிள்ளைக்கு எழுத்தாக நிற்பதில்லை, அந்த அழுகைதான் நிற்கிறது.

பாடம் இல்லை என்றால் சும்மா விட்டுவிடுவதும் கிடையாது, அதுவும் சண்டையில்தான் முடியும். கைக்கு வேலை கொடுப்பேன், ஆனால் புதிதாக எதையும் செய்யச் சொல்ல மாட்டேன். திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரும் வேலை: சின்ன வெங்காயம் உரிப்பது, பயறில் கல் பொறுக்குவது, புளியில் கொட்டை எடுப்பது, பூ கட்டுவது. பேசவே மாட்டேன், நானும் பக்கத்தில் உட்கார்ந்து அதையே செய்வேன். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீராகிவிடும், அப்புறம் அவர்களாகவே எதையாவது பேச ஆரம்பிப்பார்கள். அப்போதுதான் கொட்டானை மிதித்தானே, அந்தப் பேச்சை எடுப்பேன், அதற்கு முன்னால் எடுக்க மாட்டேன். சின்னவனுக்கு இது எதுவும் பிடிக்காவிட்டால் தண்ணீர். ஒரு வாளி, இரண்டு டம்ளர், ஒரு புனல், முற்றத்தில் விட்டுவிடுவேன். நனைந்தால் நனையட்டும், துணிதானே.

நீ படுத்துவிடும் நாளும் வரும், அதைப் பற்றி நீ கேட்கவில்லை, ஆனால் எழுதியே ஆக வேண்டும். இடுப்புவலி, மாதாமாதம் வரும் அலுப்பு, காரணமே தெரியாமல் மனசு கனத்துக் கிடப்பது. பிள்ளைகளோடு காலையிலிருந்து இரவுவரை நீ ஒருத்தியே இருக்க முடியாது, எந்தப் பெண்ணாலும் முடியாது, இதைச் சொல்லத் தயங்காதே. அவர் மதியம் கடையைச் சாத்திவிட்டு வந்து ஒரு மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார், அந்த நேரத்தில் நான் வேலை பார்ப்பதில்லை, கதவைச் சாத்திப் படுக்கிறேன். உன் வீட்டிலும் இதை முதலிலேயே பேசி முடிவுசெய். உன் வீட்டுக்காரர் சம்மதிக்காவிட்டால் இந்த ஏற்பாட்டைத் தொடங்காதே என்றுதான் நான் சொல்வேன். சாயங்காலம் தெருப் பிள்ளைகளோடு விளையாட விடுவதையும் நிறுத்தக் கூடாது, சண்டை போட்டுச் சமாதானம் ஆகும் வித்தையை அம்மாவிடம் கற்க முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது என்று உன் மாமியார் கேட்டாராமே. 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கானது. அதில் வீட்டுக் கல்வி என்று எங்கேயும் பேச்சில்லை. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று 10-ஆம் பிரிவு இருக்கிறது, ஆனால் செய்யாதவர்களுக்குத் தண்டனை எதையும் அந்தச் சட்டம் சொல்லவில்லை. 4-ஆம் பிரிவைப் படித்துக் காட்டு: பள்ளிக்கே போகாத பிள்ளை நடுவில் வந்தாலும் வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆக, ஒரு வருடம் பார்த்துவிட்டுச் சரிப்படவில்லை என்றால் அவன் திரும்பப் போகலாம், வழி அடைபடாது. இல்லை, தொடர்வது என்றால் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 3, 5, 8-ஆம் வகுப்புகளுக்கு நிகரான நிலைகள் இருக்கின்றன, 14 வயது ஆனால் பத்தாம் வகுப்பே எழுதலாம்.

உறவுக்காரர்கள் கல்யாண வீட்டில் பிள்ளையை நிறுத்தி ஒன்பதாம் வாய்ப்பாடு கேட்பார்கள், அதற்கு மட்டும் மனதைத் தயார் செய்துகொள். நான் பெரியவளை அந்த இடத்திலிருந்து மெல்லக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன், பதில் சொல்லிக்கொண்டிருப்பதில்லை.

ஆடியில் அம்மா நடக்க ஆரம்பித்துவிட்டால் பையனைக் கூட்டிக்கொண்டு வா, ஆச்சியிடம் சொல்லி ஓலை எடுத்துவைக்கிறேன். அதற்கு முன் ஒரு வரி எழுது: அவன் எதைக் கையில் எடுத்தால் கீழே வைக்க மாட்டான்? கத்தரிக்கோலா, மண்ணா, சுத்தியலா? அது தெரிந்தால் முதல் மாதத்துக்கு என்ன செய்யலாம் என்று நான் எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் தோழி