ஒரு துணைக்கால் விவகாரம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் நம் பெண் பெயர்களைப் பற்றி வந்த கட்டுரையை ரசித்துத்தான் படித்துக்கொண்டிருந்தேன். 'மாரியம்மாள்தான் பேச்சில் மரியம்மாள் என்று குறுகியது' என்ற வரி வந்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன்.

என் அப்பாயி பெயர் மரியம்மாள். முதியோர் உதவித்தொகைக்கு எழுதிக் கொடுத்தபோது, அலுவலகத்தில் இருந்தவரும் உங்கள் கட்டுரையாளர் மாதிரியே நினைத்தார் போல. பிழை திருத்துவதாக எண்ணி 'மாரியம்மாள்' என்று ஏற்றிவிட்டார். வங்கிப் புத்தகத்தில் மரி, அங்கே மாரி. பணம் வரவில்லை. அந்த ஒரு காலை எடுக்க, அப்பாயியைக் கூட்டிக்கொண்டு பெருமாள்மலைக்கும் கொடைக்கானலுக்குமாக ஆறு தடவை அலைந்தோம். "என் காலுதான் போச்சு, எழுத்துல இருக்கிற காலு போகமாட்டேங்குதே" என்பாள்.

மாரி என்றால் மழை. கபிலர் பாரியோடு சேர்த்துப் பாடிய பழைய தமிழ்ச்சொல். மரி வந்த வழி வேறு. எபிரேயத்தில் மிரியாம், மோசேயின் அக்கா பெயர். அதுதான் லத்தீனில் மரியா, ஆங்கிலத்தில் மேரி, அரபியில் மர்யம். குர்ஆனின் 19ஆம் அத்தியாயத்துக்கே அந்தப் பெயர்தான். அந்த நூலில் பெயர் சொல்லிக் குறிக்கப்படும் ஒரே பெண்ணும் இயேசுவின் தாயான அந்த மர்யம்தான். அடுத்த வீட்டு பாய் சம்சாரம் பெயரும் மரியம் பீவி. அவரும் அப்பாயியும் ஒருவரையொருவர் 'ஏ பேருக்காரி' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். கட்டுரையாளர் அந்தத் திண்ணையில் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தால் போதும்.

அயர்லாந்தில் மாதாவை 'முய்ரெ' என்பார்கள், அதே பெயர் வைத்த மற்றப் பெண்களை 'மாய்ரெ' என்பார்கள். புனிதமான பெயரை எல்லோருக்கும் வைக்கக் கூச்சம். நம் வீடுகளில் கூச்சம் வேறு இடத்தில்! அப்பாயி பெயரையே மேரி ஆக்கி எனக்கு வைத்தார்கள். மாமியார் பெயரைச் சொல்லிப் பிள்ளையைத் திட்ட முடியுமா? அம்மா முன்னால் ஒரு சலேத்தைச் சேர்த்தாள். சலேத் மேரி. வீட்டில் வெறும் சலேத்து.

லா சலேத் பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் ஒரு சிற்றூர். 1846 செப்டம்பர் 19 அன்று, மாடு மேய்த்த இரண்டு பிள்ளைகளுக்கு அங்கே மாதா காட்சி கொடுத்ததாக நம்பிக்கை. 1866இல் கொடைக்கானலில் எழுந்த கோயிலுக்கு பிரெஞ்சுப் பாதிரியார்கள் அந்த மாதாவின் பெயரை வைத்தார்கள். அப்புறம் என்ன, அந்த மலையின் ஊர்ப்பெயர் இந்த மலையில் பெண் பெயராகிவிட்டது. ஆகஸ்ட் 15 திருவிழாக் கூட்டத்தில் 'சலேத்து' என்று கூப்பிட்டுப் பாருங்கள், யாராவது நாலு பேர் திரும்புவார்கள்.

சரி, அடுத்த இதழில் ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள். போடும்போது அச்சுக்கு அனுப்புகிறவரிடம் அந்தத் துணைக்காலை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகி, பெருமாள்மலை