"ஒண்ணுமில்லம்மா"ன்னு இனிமே யார்கிட்டயும் சொல்லாதப்பா

கண்ணா,

நேத்து நீ போன்ல பேசி வச்சதுல இருந்து எனக்கு மனசே சரியில்ல. சிக்னல்ல நின்னுட்டிருந்தேன், பின்னாடி வந்தவன் இடிச்சிட்டான், வண்டி நசுங்கிடுச்சு, ஆனா எனக்கு ஒண்ணுமில்லம்மா, கழுத்து மட்டும் கொஞ்சம் பிடிச்சிருக்கு, மாத்திரை போட்டா சரியாயிடும்னு சொல்லிட்ட. அடுத்த மூச்சுலயே இடிச்சவனோட இன்சூரன்ஸ்ல இருந்து ஒருத்தர் கூப்பிட்டாரு, ரொம்ப நல்லா பேசினாரு, ஒரு தொகை தர்றேன்னு சொல்றாரு, வாங்கிட்டு முடிச்சிடலாம்னு இருக்கேன்னு வேற சொன்ன. போன்ல சொன்னா பாதி உன் காதுல ஏறாது, அதான் உக்காந்து டைப் பண்றேன். நீளமாத்தான் போகும், முழுசா படி, படிச்சு முடிக்கிற வரைக்கும் எதுலயும் கையெழுத்து போடாத.

அம்மா வேலை பார்த்த காலம் பூரா நஷ்டஈடு பைல் பார்க்கிற க்ளெய்ம் செக்ஷன்லதான்னு உனக்குத் தெரியும். அந்த மேசைக்கு ஆள் வர்றது அபூர்வம், பைல்தான் வரும். அடிபட்டவன் ராத்திரி தூங்க முடியாம புரண்டது பைல்ல தெரியாது, அன்னைக்கு டாக்டர் எழுதின ரெண்டு வரிதான் தெரியும். நிஜமாவே அடிபட்ட எத்தனையோ பேருக்கு கைக்கு ஒண்ணும் வராம போனதை பார்த்திருக்கேன், அவங்க பொய் சொன்னதால இல்ல, எல்லார்கிட்டயும் "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்"னு சொல்லிட்டு வந்ததால. நீயும் அந்த ரகம்தான், சின்ன வயசுல இருந்தே வலிய வெளிய சொல்ல மாட்ட. இந்த ஒரு விஷயத்துல அந்த குணத்தை கொஞ்சம் ஓரமா வை.

மொதல்ல டாக்டர். நாளைக்கே போ. பின்னாடி இருந்து இடிச்சா உடம்பு சீட்டோட முன்னாடி போகும், தலை ஒரு கணம் பின்தங்கும், கழுத்து பின்னாடி முன்னாடின்னு சவுக்கு மாதிரி வெட்டும். அதனாலதான் அதுக்கு விப்லாஷ்னு பேர். அந்த வலி அன்னைக்கே முழுசா தெரியணும்னு இல்ல, சில பேருக்கு மறுநாள் காலையில எந்திரிக்கும்போதுதான் தெரியும், சில பேருக்கு அதுக்கும் ரெண்டு நாள் கழிச்சு. எக்ஸ்ரே எடுத்துட்டு ஒண்ணுமில்லன்னு சொன்னா எலும்பு உடையலன்னுதான் அர்த்தம், தசைநாரும் தசையும் எக்ஸ்ரேல தெரியாது. தலையில லேசா இடிச்சிருந்தா தலைவலி, மறதி, வெளிச்சத்தை பார்த்தா கூசுறது, எரிச்சல் எல்லாம் நாள் கழிச்சும் வரலாம். ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிடறேன், கை மரத்துப் போனாலோ, கையில பிடிமானம் குறைஞ்சாலோ, தலைவலி ஏறிக்கிட்டே போனாலோ, வாந்தி, குழப்பம், ஒண்ணுக்கு போறதுல கட்டுப்பாடு இல்லாம இருந்தாலோ நாளைக்கு வரைக்கும் காத்திருக்காத, அந்த நிமிஷமே எமர்ஜென்சிக்கு போ. க்ளெய்ம் எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

டாக்டர்கிட்ட எப்படி பேசணும்னு சொல்றேன், இதை நல்லா கவனி. "கழுத்து வலிக்குது டாக்டர்"னு மட்டும் சொன்னா அவர் "கழுத்து வலி"ன்னு மட்டும்தான் எழுதுவார், அது கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து வந்ததா தலகாணி சரியில்லாம வந்ததா யாருக்குத் தெரியும்? இன்ன தேதி, நின்ன வண்டியில இருந்தேன், பின்னாடி இருந்து கார் இடிச்சுது, அன்னைக்கு இருந்து இங்க இங்க வலிக்குதுன்னு சொல்லு. தோள், முதுகு, தாடை, முழங்கால் டேஷ்போர்டுல இடிச்சதா, எல்லாத்தையும் மொத தடவையே சொல்லிடு. மூணு வாரம் கழிச்சு திடீர்னு முழங்கால் வலின்னு பைல்ல வந்தா பார்க்கிறவன் மொத கேள்வியே இது எங்கிருந்து முளைச்சுதுன்னுதான் கேப்பான். 1995ல கனடாவோட க்யூபெக்ல ஒரு நிபுணர் குழு விப்லாஷை 0ல இருந்து 4 வரைக்கும் பிரிச்சாங்க, இன்னைக்கும் டாக்டருங்க அதை வச்சு பேசறாங்க. வலியும் இறுக்கமும் மட்டும்னா 1, டாக்டர் தொட்டுப் பார்த்து இந்த இடத்துல அழுத்தினா வலிக்குது, கழுத்து இவ்வளவுதான் திரும்புதுன்னு கண்டுபிடிச்சா 2, நரம்பு சம்பந்தமான அறிகுறி இருந்தா 3, எலும்பு முறிஞ்சாலோ விலகினாலோ 4. பார்த்தியா, 1க்கும் 2க்கும் நடுவுல இருக்கிறது டாக்டர் கை வச்சு சோதிச்சு எழுதினாரா இல்லையாங்கிறதுதான். அதனால மருந்து சீட்டு மட்டும் வாங்கிட்டு வந்துடாத, கழுத்தை திருப்பிப் பார்க்க சொல்லு, அதை எழுதவும் சொல்லு. "எப்படி இருக்கீங்க"ன்னு டாக்டர் மரியாதைக்கு கேட்டாலும் "ஃபைன்"னு சொல்லாத. வண்டி ரிவர்ஸ் எடுக்க தலை திரும்பல, ராத்திரி ரெண்டு தடவை முழிப்பு வருது, பையை வலது தோள்ல மாட்ட முடியலன்னு சொல்லு. இதெல்லாம் புலம்பல் இல்லப்பா, அவருக்கு வேணும்கிற தகவல்.

அதே அளவுக்கு இன்னொண்ணும் முக்கியம், இல்லாத வலிய சொல்லாத. கூட்டிச் சொன்ன ஒரு விஷயம் பிடிபட்டா உண்மையா சொன்ன பத்தும் சேர்ந்து போயிடும். உனக்கு முன்னாடியே கழுத்து பிரச்சனை இருந்துச்சே, அதையும் மறைக்காத. மறைச்சா பழைய ரெக்கார்டு எப்படியும் வெளிய வரும். பழைய நோவு இருந்தா க்ளெய்ம் போச்சுன்னு நினைக்காத. 1901லயே இங்கிலாந்துல ஒரு வழக்குல நீதிபதி சொல்லிட்டார், அடிபட்டவனோட மண்டை ஓடு சாதாரணத்தைவிட மெல்லிசா இருந்ததால காயம் பெருசாச்சுன்னு சொல்லி இடிச்சவன் தப்பிக்க முடியாதுன்னு, அந்த நியாயம் இன்னைக்கும் பல நாட்டு கோர்ட்ல நிக்குது. முன்னாடி மாசத்துக்கு ஒரு தடவை வலிச்சுது, இப்போ தினமும் வலிக்குது, அதுதான் உண்மைன்னா அந்த வித்தியாசத்தை அப்படியே சொல்லு.

அப்புறம் போறதை விட்டுடாத. பிசியோதெரபி எழுதிக் கொடுத்தா போ, வீட்டுல செய்ய சொன்ன பயிற்சிய செய். க்ளெய்முக்காக மட்டும் சொல்லல, கழுத்தை அசைக்காம வச்சுக்கிட்டு படுத்தே இருந்தா ஆறது லேட்டாகும், டாக்டர் சொன்ன அளவுக்கு அசைச்சுக்கிட்டு இருந்தாத்தான் சீக்கிரம் சரியாகும். பைல்ல பார்த்தாலும், நடுவுல ஒரு மாசம் எங்கயும் போகாம இருந்தா "அந்த மாசம் வலியே இல்ல போல"ன்னுதான் எடுத்துப்பாங்க. தன் காயத்தை ஆத்திக்க நியாயமான முயற்சி எடுக்காதவனுக்கு அந்த அளவுக்கு தொகையை குறைக்கிறதும் உண்டு. வேலை இருந்துச்சு, லீவு கிடைக்கலன்னா அதையாவது கிளினிக்ல சொல்லி குறிச்சு வைக்க சொல்லு.

இப்போ அந்த ரொம்ப நல்லா பேசின மனுஷர் விஷயம். அவர் கெட்டவர்னு நான் சொல்ல வரல, அந்த வேலையோட அமைப்பே அப்படி, சீக்கிரமா கம்மியா முடிக்கிற பைல்தான் அவங்களுக்கு நல்ல பைல். "சும்மா என்ன நடந்ததுன்னு சொல்லுங்க, ரெக்கார்டு பண்ணிக்கிறேன்"னு கேப்பாரு. உன் சொந்த இன்சூரன்ஸ்க்கு நீ உடனே தகவல் சொல்லியே ஆகணும், பாலிசியிலேயே அது நிபந்தனை, தள்ளிப் போட்டா அவங்க கை விரிக்க வாய்ப்பிருக்கு. ஆனா எதிர்பக்கத்து கம்பெனிக்கு அப்படி உக்காந்து ரெக்கார்டு கொடுக்கணும்னு பொதுவா உனக்கு எந்தக் கடமையும் இல்ல. "ட்ரீட்மென்ட் போயிட்டிருக்கு, எழுத்துல அனுப்புங்க"ன்னு மரியாதையா சொல்லிட்டு வை. பேசித்தான் ஆகணும்னு வந்தா தெரிஞ்சதை மட்டும் சொல்லு. அவன் எவ்வளவு ஸ்பீடுல வந்தான்னு உனக்கு எப்படிப்பா தெரியும், நீ முன்னாடி பார்த்துட்டு நின்னுட்டிருந்த. "ஒரு நாப்பது இருக்கும்"னு குத்துமதிப்பா சொல்லிட்டா நாளைக்கு அந்த நாப்பதையே பிடிச்சு தொங்குவாங்க. தெரியலன்னா தெரியலன்னு சொல்லு.

அந்த தொகைக்கு கூட வர்ற பேப்பர்ல "முழுமையான, இறுதியான தீர்வு"ங்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். அதுல கையெழுத்து போட்டா கதை முடிஞ்சுது. ரெண்டு மாசம் கழிச்சு எம்ஆர்ஐ ஸ்கேன்ல எலும்புக்கு நடுவுல இருக்கிற டிஸ்க் பிதுங்கியிருக்குன்னு வந்தாலும் பெரும்பாலும் திரும்ப கேக்க முடியாது. அதனால இதுக்கு மேல பெருசா தேறப்போறதில்ல, நிலைமை இதுதான்னு டாக்டர் சொல்ற கட்டம் வர்ற வரைக்கும் காயத்துக்கான கணக்கை முடிக்காத. வண்டி ரிப்பேர் வேற, உடம்பு வேற, ரிப்பேர் காசை முன்னாடியே வாங்கிக்கலாம், ஆனா வண்டிக்குன்னு நீட்டுற பேப்பர்லயே உடம்பு காயத்தையும் சேர்த்து விட்டுக் கொடுக்கிற மாதிரி வரி இருக்கான்னு பார்த்துட்டு போடு. இதை நான் அழுத்தி சொல்றதுக்கு காரணம் இருக்கு, அவசரத்துல போட்ட கையெழுத்தோட வந்து மேசை முன்னாடி நின்னு அழுதவங்களுக்கு என்னால ஒண்ணும் செய்ய முடிஞ்சதில்ல. அதே மாதிரி உன் மெடிக்கல் ரெக்கார்டு எல்லாத்தையும் எடுத்துக்க அனுமதின்னு ஒரு ஃபார்ம் வந்தா, எந்த வருஷத்துல இருந்து, எந்த ஆஸ்பத்திரின்னு வரம்பு இல்லாம இருந்தா வக்கீல்கிட்ட காட்டாம கொடுக்காத.

வண்டிய ஒர்க்ஷாப்ல விட்டிருக்கேன்னு சொன்னல்ல, இன்னைக்கே போன் பண்ணி பிரிக்க வேண்டாம்னு சொல்லு. எல்லா பக்கமும் போட்டோ எடு, கிட்ட இருந்தும் தூர இருந்தும், சீட் பின்னாடி சாஞ்சிருந்தா அதையும், ஹெட்ரெஸ்ட் எந்த உயரத்துல இருந்துச்சுங்கிறதையும். இப்போ வர்ற நிறைய கார்ல இடி விழுறதுக்கு முன்னாடி சில செகண்ட் ஸ்பீடு என்ன, பிரேக் அழுத்தினாங்களா, பெல்ட் போட்டிருந்தாங்களான்னு பதிவாகிற ஒரு பொட்டி இருக்கு, ஐரோப்பிய யூனியன்ல 2024 ஜூலையில இருந்து புதுசா விக்கிற எல்லா கார்லயும் அது இருந்தாகணும். வண்டிய ஸ்கிராப்புக்கு தள்ளிட்டா அதுவும் கூடவே போயிடும். வண்டிக்குள்ள மாட்டின கேமரா, அதான் டேஷ்கேம், இருந்தா அதோட மெமரி கார்டை உடனே கழட்டி வை, அது சுத்திச் சுத்தி பழசை அழிச்சு அது மேலயே எழுதும். அந்த சிக்னல் பக்கத்து கடை கேமராவும் அப்படித்தான், சில நாள்ல அழிஞ்சிடும், அதனால அழிக்காம வைங்கன்னு எழுத்துல கேளு. அங்க இறங்கி வந்து உதவி பண்ணாரே ஒருத்தர், அவர் நம்பர் வாங்கினியா? போலீஸ் ரிப்போர்ட் காப்பி வாங்கி நீயே ஒரு தடவை படி, பேர், தேதி, யார் யாரை இடிச்சாங்கன்னு தப்பா எழுதியிருந்தா இப்பவே திருத்தச் சொல்லு.

ஒரு சின்ன நோட்டு போடு, இல்ல போன்லயே எழுதி வை. தினமும் ரெண்டு வரி போதும், தேதி, எங்க வலி, என்ன செய்ய முடியல, எந்த மாத்திரை. சோகக்கதை எல்லாம் வேண்டாம், நல்லா இருந்த நாளை நல்லா இருந்துச்சுன்னே எழுது, அப்பத்தான் நம்புவாங்க. லீவு போட்ட நாளுக்கு ஆபீஸ்ல லெட்டர், சம்பள ஸ்லிப், ஆஸ்பத்திரிக்கு டாக்சில போன பில், மருந்து பில், ஒண்ணு விடாம ஒரு கவர்ல.

பேஸ்புக், இன்ஸ்டால எல்லாம் கொஞ்ச நாளைக்கு ஒண்ணும் போடாத. யாரோ கல்யாணத்துல நீ சிரிச்சுக்கிட்டு நிக்கிற ஒரு போட்டோ போதும், அன்னைக்கு ராத்திரி நீ ஐஸ் பேக் வச்சுக்கிட்டு படுத்தது அதுல தெரியாதே. பிரண்ட்ஸ்கிட்டயும் டேக் பண்ண வேண்டாம்னு சொல்லி வை. ஆனா போட்டதை இப்போ அழிக்காத, ஆதாரத்தை அழிச்சான்னு அது வேற தலைவலியாகும்.

கேஸ் போடுறதுக்கான கெடு விஷயம் ஒண்ணு பாக்கி. இது நாட்டுக்கு நாடு, சில நாட்டுல மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இந்தியாவுல மோட்டார் வாகனச் சட்டம் 6 மாசம்னு சொல்லுது, இங்கிலாந்துல பொதுவா 3 வருஷம், நியூசிலாந்துல 1974ல இருந்தே கேஸ் போடுற வழிக்கு பதிலா அரசாங்கத் திட்டமே பணம் தருது. இடிச்சது அரசாங்க வண்டின்னா முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க இன்னும் சின்ன கெடு இருக்கலாம். அதனால பிரண்டு சொன்னான், நெட்ல பார்த்தேன்னு இருக்காம நீ இருக்கிற ஊர்ல விபத்து கேஸ் பார்க்கிற ஒரு வக்கீலை இந்த வாரமே பார்த்து கடைசி தேதி என்னன்னு எழுதி வாங்கு. ஆஸ்பத்திரி வாசல்ல தானா வந்து கார்டு நீட்டுறவன் வேண்டாம், நீயா விசாரிச்சு போ. ஃபீஸ் எவ்வளவு, செலவு யார் தலையில, தோத்தா என்னன்னு பேப்பர்ல பார்த்துட்டு ஒத்துக்கோ.

நாளைக்கு டாக்டர் எத்தனை மணிக்குன்னு மெசேஜ் போடு. அவர் எழுதினதை போட்டோ எடுத்து அனுப்பு, விபத்துன்னு போட்டிருக்காரான்னு நான் பார்த்து சொல்றேன், இல்லன்னா அதே வாரம் திரும்ப போய் சேர்க்க சொல்லலாம். வெயிட்டு எதுவும் தூக்காத, வண்டி ஓட்டாத, கழுத்து முழுசா திரும்புற வரைக்கும் யாராவது கொண்டு போய் விடட்டும்.

அம்மா